இரண்டு கே. சங்கவி

ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் இழுத்துவிடுங்கள் அக்கா. முழுக்க வேண்டாம், புழுங்கும். பாதி. போதும், போதும். காற்று நேராக இவன் மூக்கில் அடித்தால் எனக்குப் பயம். அடிக்காவிட்டாலும் பயம்தான், அது வேறு. தூங்குகிறான். தூங்குகிற மாதிரிதான் இருக்கிறது, இருந்தாலும் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தால்தான் எனக்கு மனது ஆறும். சிரிக்காதீர்கள். எங்கள் அத்தையும் இப்படித்தான் சிரிப்பார்கள். பெத்தவ எல்லாரும் இப்படி விரலை வச்சுக்கிட்டே உக்காந்திருந்தா ஒலகத்துல சோறு யாரு ஆக்குறது என்பார்கள்.

நான் சின்னமனூர். நீங்கள் கம்பமா? அப்படியென்றால் எனக்குப் பிறகும் உங்களுக்கு வெகுதூரம் இருக்கிறது.

ஆமாம், காலேஜுக்குத்தான் போய்விட்டு வருகிறேன். ஒரு தோளில் காலேஜ் பை, மறு தோளில் பிள்ளை, பார்க்கிறவர்கள் டீச்சரா என்று கேட்பார்கள். ஸ்டூடண்ட் அக்கா. பி.ஏ. இங்கிலீஷ். செகண்ட் இயர் முடிகிறது. என்னை ஃபைனல் இயருக்கு விடுவார்களா மாட்டார்களா, இந்த மாதம் முழுக்க என் தலைக்குள் ஓடியது இது ஒன்றுதான். இன்றைக்குத் தீர்ந்தது. விட்டுவிட்டார்கள். தீர்ந்த பிறகும் ஏன் இப்படி உடம்பை அடித்துப்போட்ட மாதிரி இருக்கிறது என்று தெரியவில்லை.

எங்கள் வீட்டுக்காரர் திருப்பூரில் இருக்கிறார். நல்லவர். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "இந்த வருசம் மேல ஏறிட்டேன்னா முடிச்சிரு. இல்லேன்னா விட்டுரு. உன்னைய யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க." இவ்வளவுதான். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட அழுது தீர்த்திருப்பேன். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்றாரே, அதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன். யாரும் ஒன்றும் சொல்லாத வீட்டில், நானும் இவனும், காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும். இவன் மூச்சு விடுகிறானா என்று பார்த்துக்கொண்டே எத்தனை வருஷம் உட்கார்ந்திருக்க முடியும், சொல்லுங்கள்.

காலேஜ் என்றால் அப்படி ஒன்றும் பெரிய ஆசை கிடையாது அக்கா. காலையில் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறேன் பாருங்கள், அந்த ஒரு அடி. அது எனக்கு வேண்டும்.

நான் படித்தது கான்வென்டில். சிஸ்டர்கள் பள்ளிக்கூடம். நாங்கள் சாமி கும்பிடுகிறவர்கள்தான், ஆனாலும் பயம் வந்தால் எனக்கு இன்றைக்கும் 'அருள் நிறைந்த மரியே'தான் வாயில் வரும். பிரசவம் பார்த்த நர்சம்மாகூட நீ கிறிஸ்தவப் பிள்ளையா என்று கேட்டார்கள். அங்கே எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது பொய் சொல்லக்கூடாது. உண்மையைச் சொல்கிறவளுக்குத் தண்டனை இல்லை என்று சிஸ்டர் லூர்து அசெம்பிளியில் சொல்வார்கள். அது எனக்கு எலும்போடு ஊறிவிட்டது. அதனால்தான் இவ்வளவும் வந்தது என்றுகூடச் சொல்லலாம்.

விஷயத்தைச் சொல்கிறேன். எங்கள் வகுப்பில் இரண்டு சங்கவி. நான் எம். சங்கவி, எங்கள் அப்பா முத்தையா. அவள் கே. சங்கவி, அவளுடைய அப்பா கருத்தபாண்டி. சங்கவி என்று எங்களை யாரும் கூப்பிட்டதில்லை. என்னை எம்மு என்பார்கள், அவளைக் கேயி என்பார்கள். அட்டெண்டன்ஸில் பக்கத்துப் பக்கத்துப் பெயர் என்பதால் பெஞ்சிலும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். சிநேகிதம் என்று சொல்லிவிட முடியாது. பக்கத்தில் உட்கார்ந்தால் பேசாமல் இருக்க முடியுமா.

கேயி மலையடிவாரத்துப் பெண். அவள் அப்பா ஒரு இலவந்தோப்பில் காவல் இருக்கிறார். தமிழ் மீடியம். இங்கிலீஷ் வராது என்பதாலேயே இங்கிலீஷ் எடுத்தவள், அப்படி ஒரு பிறவி. பிரசண்ட் என்று சொல்ல வராது அவளுக்கு, 'பெரசென்டு சார்' என்பாள். நான்தான் திருத்துவேன். உதட்டைப் பார் கேயி, என் உதட்டைப் பார் என்று எத்தனை தடவை. அவளுக்காக நான் நிறையச் செய்திருக்கிறேன் அக்கா. அதையெல்லாம் சொல்லிக்காட்டக் கூடாது.

முதல் வருஷத் தையில் எனக்குக் கல்யாணம். வியாழ நோக்கம் வந்துவிட்டது, இப்போது விட்டால் இருபத்தாறு வயதாகிவிடும் என்று ஜோசியர் சொன்னார். படிக்க வைக்கிறோம் என்று மாப்பிள்ளை வீட்டில் வாக்குக் கொடுத்தார்கள், வாக்கை இன்றுவரை மீறவில்லை. ஒரு நாள் ரேஷன் கார்டில் என் பெயரைச் சேர்த்துக்கொண்டு வந்தார்கள் அத்தை. வீட்டுக்காரர் பெயர் குமரவேல், அதனால் கே. சங்கவி. அத்தை அதைத் தடவிப் பார்த்துவிட்டு, இங்கன கே போட்டாச்சு, காலேசுல மட்டும் இன்னும் எதுக்கு அப்பன் எழுத்து என்றார்கள். கட்டாயப்படுத்தவில்லை. கேட்டார்கள், அவ்வளவுதான். பெரியவர்கள் கேட்டதை இன்னொரு தடவை சொல்ல வைக்காமல் செய்ய வேண்டும் என்று எங்களுக்குப் பள்ளியில் பழக்கம்.

மறுநாளே ஹெச்.ஓ.டி. சாரிடம் எழுதிக் கொடுத்தேன். திருமணமாகிவிட்டபடியால் வகுப்பில் என்னை இனி கே. சங்கவி என்று அழைக்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறேன் என்று. கையெழுத்து முத்து முத்தாக இருக்குதே, கான்வென்டா என்று சார் கேட்டார். சந்தோஷமாக மாற்றிக் கொடுத்தார்.

கேயி வேண்டாம் என்றாள். "எம்மு, வேணாம்டி. யுனிவர்சிட்டில எப்படியும் பழைய பேருதான். கிளாஸ்ல மட்டும் ரெண்டு கே ஆயிட்டா சாருக்கு எப்படித் தெரியும்?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. தாலி ஏறாதவளுக்கு இந்த எழுத்தின் அருமை எப்படித் தெரியும்? அவளுக்கு அவள் கே போதும். என் கேயைக் கண்டு அவளுக்கு ஏன் உறுத்த வேண்டும்? நான் ஒன்றும் சொல்லவில்லை. புருஷன் வீட்டு எழுத்து கேயி, உனக்கும் ஒரு நாள் மாறும் என்று மட்டும் சொன்னேன்.

அதன் பிறகு, அட்டெண்டன்ஸ் எடுக்கிற கெஸ்ட் லெக்சரர் சார் கே. சங்கவி என்று ஒரு தடவை கூப்பிடுவார், அவள் சொல்வாள். உடனே திரும்பவும் கே. சங்கவி என்பார், நான் சொல்வேன். வகுப்பு சிரிக்கும். சார் தலையைத் தூக்கவே மாட்டார். அந்த சாருக்கு மூன்று காலேஜில் வகுப்பு, எங்கள் முகம் ஒன்றும் அவருக்குத் தெரியாது. குரல் வந்தால் டிக் போடுவார்.

ஐப்பசியில் இவன் பிறந்தான். அந்த நாட்களுக்கு ஆஸ்பத்திரி சீட்டுக் கொடுத்துவிட்டேன், அதில் தகராறு இல்லை. தகராறெல்லாம் மார்கழியில் திரும்பிப் போனேனே, அதற்குப் பிறகுதான்.

நான் தினமும் காலேஜுக்குப் போனேன் அக்கா. அதை நீங்கள் நம்ப வேண்டும். இவனை அத்தையிடம் கொடுத்துவிட்டு, இதே பஸ்ஸில், நின்றுகொண்டே தேனி வரைக்கும். வந்து சேர்வதற்குள் மார் கல்லாகிவிடும். சட்டையெல்லாம் நனைந்து, அந்தக் கோலத்தில் வகுப்பில் போய் எப்படி உட்காருவது? பஸ் ஸ்டாண்டில் தாய்மார்கள் பாலூட்டும் அறை இருக்கிறது பாருங்கள், அங்கே போய்ப் பிழிந்துவிட்டுக் கொஞ்ச நேரம் சுவரில் சாய்வேன். கொஞ்ச நேரம்தான் என்று நினைத்துத்தான் சாய்வேன். அங்கே என் பிள்ளை இல்லை. மூச்சைப் பார்க்க வேண்டியதில்லை. மற்ற பிள்ளைகள் அழும், அது என் பிள்ளை இல்லை என்று தெரியும், அந்த நிம்மதியில் அப்படி ஒரு தூக்கம் வரும். கண்ணைத் திறந்தால் சில நாள் மத்தியானம் ஆகியிருக்கும். சில நாள் சாயங்காலம்.

அதுவும் காலேஜ் நாள்தானே? வீட்டை விட்டுக் கிளம்பியது காலேஜுக்குத்தான். பையில் இருந்தது காலேஜ் புத்தகம்தான். பஸ் ஸ்டாண்டிலிருந்து காலேஜ் ஒரு கூப்பிடு தூரம். எந்த நாள் வகுப்பு வரைக்கும் போனேன், எந்த நாள் போகவில்லை என்று இன்றைக்கு என்னைக் கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. பிள்ளை பெற்றவளுக்கு நேற்றுச் சாப்பிட்டது நினைவிருக்காது.

சாயங்காலம் கேயி வந்து எழுப்புவாள். "எம்மு, எந்திரி, உன் பஸ்ஸு நிக்குது" என்பாள். அன்றைக்கு நடத்தின பாடத்தை எனக்கும் ஒரு பேப்பரில் எழுதிக்கொண்டு வந்திருப்பாள். ஸ்பெல்லிங்கெல்லாம் தப்புத் தப்பாக இருக்கும், வீட்டில் போய் நான் திருத்துவேன். அவள் மெனக்கெட்டு வந்தாள் என்று சொல்ல முடியாது, அவள் ஊர் பஸ்ஸும் அங்கேதான் நிற்கும்.

வீரபாண்டி தாண்டிவிட்டதா? இவன் பாலுக்கு அழுவதற்குள் போனால் சரி.

இப்படி இருக்கும்போதுதான் அட்டெண்டன்ஸ் குறைந்தவர்கள் பெயரைப் போர்டில் ஒட்டினார்கள். கே. சங்கவி என்று ஒரு பெயர். இரண்டு கேயில் எந்தக் கே என்று எனக்கு முதலில் புரியவில்லை. வளர்மதி மிஸ்தான் எங்கள் வகுப்புக்குப் பொறுப்பு. அவர்கள் என்னைக் கூப்பிட்டு, நீதாம்மா, கொஞ்சம்தான் குறையுது, ஒரு டாக்டர் சர்டிஃபிகேட் கொண்டு வந்து கொடு, முடிச்சிரலாம் என்றார்கள். மெதுவாகத்தான் சொன்னார்கள். ஆனால் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வந்தவளை வரவில்லை என்றால் எப்படி இருக்கும்? நோயில்லாத நாளுக்கு நோய் என்று டாக்டர் கையெழுத்துப் போட்டால் அது பொய் இல்லையா? நான் கேட்டேன், மிஸ், கேயிக்கு எவ்வளவு என்று. அவளுக்கு முக்கால்வாசிக்கும் மேலே, கிட்டத்தட்ட முழுசு என்றார்கள்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. இரண்டு பேருக்கும் ஒரே எழுத்து. நான் சொன்ன பிரசண்ட் எல்லாம் அவள் பெயருக்கு நேராகப் போய் விழுந்திருக்கிறது. என்னுடையதை அவள் தின்றிருக்கிறாள். இந்த மாற்றத்தை அவள் வேண்டாம் என்றபோதே நான் யோசித்திருக்க வேண்டும்.

மிஸ்ஸிடம் அப்படியே சொன்னேன். மிஸ் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். "சங்கவி, வேண்டாம்மா. சர்டிஃபிகேட் கொண்டு வா. இதைக் கிளறாதே" என்றார்கள். உண்மையைக் கிளறாதே என்று ஒரு ஆசிரியர் சொல்லலாமா அக்கா? நான் நேராக ஹெச்.ஓ.டி. சாரிடம் போய்விட்டேன்.

சார் வகுப்பில் வந்து விசாரித்தார். கடைசி பெஞ்சில் ஒருத்தி மட்டும் மெல்லச் சொல்லிவிட்டாள், எம்மு வராத அன்னிக்கு முக்கால்வாசி நாளு கேயிதான் சார் ரெண்டு தடவையும் பெரசென்டு சொல்லுவா, ரெண்டாவது தடவ கொரல மாத்திக்கிட்டு, கான்வென்டு மாதிரி சொல்லுவா என்று. அப்போதெல்லாம் வகுப்பே சிரிக்குமாம். நான் என்ன நினைப்பேன்? என் குரலை வைத்து என் முதுகுக்குப் பின்னால் கேலி நடந்திருக்கிறது. நான் சொல்லிக்கொடுத்த உச்சரிப்பு. அவளைக் கேட்டேன், ஏன் கேயி இப்படிச் செய்தாய், உன்னை யார் செய்யச் சொன்னது என்று. அவள் என் முகத்தைப் பார்த்து, "நீ தூங்கிட்டிருப்பேல்ல" என்றாள். இதுதான் பதில். இதற்கு என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வது?

இன்றைக்கு இரண்டு பேர் வீட்டிலிருந்தும் ஆளைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார் சார். எங்கள் அத்தை வரவில்லை. என்னைய எதுக்கு, பிள்ளைய தூக்கிட்டுப் போ, பாத்தாப் பத்துப் பேருக்கு மனசு எரங்கும் என்று இவனைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு அனுப்பினார்கள். கேயியின் அப்பா வந்திருந்தார். வெள்ளை வேட்டியைப் புதிதாகப் பிரித்துக் கட்டியிருந்தார், மடிப்பு அப்படியே இருந்தது. ஹெச்.ஓ.டி. அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு ஓரமாக நின்றார். என்ன விஷயம் என்று அவருக்கு ஒன்றும் தெரியாது. பரிசு கிரிசு கொடுக்கக் கூப்பிட்டார்கள் என்று நினைத்திருப்பார்போல, முதலில் சிரித்த முகமாகத்தான் இருந்தார்.

சாருக்குச் சாப்பிடப் போகிற அவசரம். இதோ பாருங்கம்மா, ஒரு ஆள் இருந்து ரெண்டு டிக் விழுந்திருக்கு, எந்தெந்த நாளுன்னு கடவுளுக்குத்தான் வெளிச்சம், ரெண்டு பேரும் கே. சங்கவி, கடைசி பெஞ்சுக்காரி சொன்னத வச்சு எழுத முடியாது, நான் ஒரு கணக்கா ஒருத்தியோட நாளையெல்லாம் அடிச்சுவிடப் போறேன், அவ ஜூனியரோட உக்காந்து இந்த செமஸ்டர மறுபடி படிக்க வேண்டியதுதான், மத்தவ மேல போகலாம், இப்பச் சொல்லுங்க, வராம இருந்தது யாரு என்றார்.

நான் வந்தேன் சார் என்றேன். உண்மையைத்தானே சொன்னேன்.

கேயி என்னைப் பார்த்தாள். பிறகு இவனைப் பார்த்தாள். ரொம்ப நேரம் இவனையே பார்த்தாள். கண் பட்டுவிடப் போகிறது என்று நான் துப்பட்டாவை இழுத்து இவன் முகத்தை மூடினேன்.

"நான்தான் சார் ஆப்சென்ட். எம்மு தெனமும் வந்தா" என்றாள்.

ஆப்சென்ட் என்ற வார்த்தையை மட்டும் எவ்வளவு அழகாகச் சொன்னாள் தெரியுமா, ஒரு பிசிறு இல்லை.

பாருங்கள் அக்கா. அவளே ஒப்புக்கொண்டாள். நான் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள். வளர்மதி மிஸ் அங்கேதான் நின்றிருந்தார்கள், என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்கள். தாங்க்யூ மிஸ் என்றேன், ரெஜிஸ்டரை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்கள். அவர்களுக்கு என்ன கோபமோ. நியாயம் ஜெயித்தால் சில பேருக்குப் பிடிக்காது.

அதோடு முடிந்தது என்றுதான் வெளியே வந்தேன். எங்கள் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, மேலே ஏறிட்டேன் என்றேன். சரி, சந்தோசம், பிள்ளை பால் குடிச்சானா என்றார்.

கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் கேயியும் அவள் அப்பாவும் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் சத்தம் போடவில்லை. அடிக்கவில்லை. அதெல்லாம் செய்திருந்தால் நான் வேறு பக்கமாகப் போயிருப்பேன். மெதுவாக ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். காலேசுக்கு வரலேன்னா நீ எங்க போன? காலையில நாந்தான பஸ் ஏத்திவிட்டேன், ஏத்திவிட்ட புள்ள எங்க போன? யாரு கூடன்னு கேக்கல தாயி, எங்கன்னு மட்டும் சொல்லு என்றார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்கு அவள் என்ன சொல்ல முடியும் என்று எனக்கும் தெரியவில்லை.

என்னைப் பார்த்ததும் அவர் கிட்டே வந்தார். இவ்வளவு வயதான மனிதர் என் முன்னால் கையைக் கூப்பினார் அக்கா. எனக்கு உடனே காலைச் சேர்த்து நிமிர்ந்து நிற்கத்தான் தோன்றியது, பெரியவர்கள் வந்தால் அப்படி நிற்கவே பழக்கம். "நீ பிள்ளக்காரி, பொய் சொல்ல மாட்ட. பக்கத்துலயே ஒக்காந்திருந்தவ. எம்மக காலேசுக்கு வந்தாளா, வரலையா? நீ ஒரு வார்த்த சொல்லு தாயி, நான் நம்பிக்கிறேன்."

நான் என்ன செய்வேன்? உள்ளே இப்போதுதான் எல்லாம் முடிந்திருக்கிறது. சார் இன்னும் சாப்பிடப் போகவில்லை, ஜன்னல் வழியாகத் தெரிகிறார். வந்தாள் என்று சொன்னால் இது மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கும். வரவில்லை என்று சொல்லவும் நாக்கு எழவில்லை, எனக்கு அவள் மேல் பகை ஒன்றும் இல்லையே.

"எனக்குத் தெரியாதுங்கப்பா" என்றேன்.

இது பொய் இல்லைதானே? எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன அவளுக்குக் காவலா?

அவர் தலையை ஆட்டினார். பிறகு அவள் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். நாளக்கி வந்து டி.சி. வாங்கிக்கிருவோம், போதும், ஒன் மாமன் ஒன்னையக் கட்டிக்குடுக்கச் சொல்லி ரெண்டு வருசமா கேட்டுக்கிட்டிருக்கான் என்றார். நடக்க ஆரம்பித்தவள் திரும்பி என்னிடம் வந்தாள். ஏதாவது திட்டப்போகிறாள் என்று இவனை இறுக்கிக்கொண்டேன். "பிள்ள மூஞ்சில வெயிலு படுது எம்மு, துண்டப் போத்து" என்றாள். அவளே இழுத்துப் போர்த்திவிட்டாள். அப்புறம் போய்விட்டாள்.

நல்ல பெண்தான். நான் அவளைக் கெட்டவள் என்று சொல்லவே இல்லை. படிப்பிலும் மோசமில்லை, இன்னும் ஒரு வருஷம் என்னோடு உட்கார்ந்திருந்தால் உச்சரிப்பு முழுக்கச் சரியாகியிருக்கும். ஆனால் அந்த மனிதர் கேட்டாரே, அந்தக் கேள்வி பஸ் ஏறினதிலிருந்து எனக்கும் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் முகம் தெரியாத உங்களிடம் இவ்வளவு பேசிவிட்டேன். நீங்கள் வயதில் பெரியவர்கள், நாலு பேரைப் பார்த்திருப்பீர்கள். நீங்களே சொல்லுங்கள் அக்கா. வீட்டிலும் இல்லாமல், காலேஜுக்கும் வராமல், இத்தனை நாளும் அந்தப் பெண் எங்கேதான் போயிருப்பாள்?